ஆனியின் பழமரங்கள்

ஐந்தாம் ஆண்டு வகுப்பில் நான்காவது முறையாக உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவன், விடுதி அறையில் கோழி வளர்த்துக்கொண்டு, ஒரே திட்டத்தைப் பற்றி இடையறாது சிந்தித்துக்கொண்டிருக்கிறான். இந்தியாவின் இருப்புப்பாதைகளின் இருமருங்கிலும் பழமரங்களை நட்டுவிட வேண்டும். கிராமத்து ஜனங்கள் விடியற்காலையில் தண்டவாளத்து ஓரமாகத்தான் ஒதுங்குகிறார்கள் ஆகையால் அந்த மண்ணுக்கு எரு தனியே இட வேண்டியதில்லை. ஓடும் ரயிலிலேயே நீர் தெளிக்கும் சாதனத்தைப் பொருத்திவிட்டால் தண்ணீர் பாய்ச்சுவதற்கும் ஆள் தேட வேண்டியதில்லை என்பது அவனுடைய யோசனை. பிரதீப் கிருஷன் இயக்க, அருந்ததி ராய் திரைக்கதை எழுதி முக்கியப் பாத்திரமொன்றில் தாமே நடித்து, 1989இல் வெளிவந்த 'இன் விச் ஆனி கிவ்ஸ் இட் தோஸ் ஒன்ஸ்' என்னும் ஆங்கிலப் படத்தின் நாயகனாகிய ஆனந்த் குரோவர், நண்பர்களின் வாயில் ஆனி, இவன்தான். அவனுடைய திட்டத்தைக் கேட்டதும் எவருக்கும் சிரிப்பு வருகிறது. கட்டடக்கலையை வருஷக்கணக்காகப் பயின்ற ஒருவன், பசியையும், ஒதுங்குவதற்கு இடமில்லாத ஏழையையும், பிழைப்புக்காக ஊரை விட்டு நகரத்துக்கு ஓடுகிறவனையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்ப்பான் என்று நாம் எதிர்பார்ப்பதே இல்லை. அந்த எதிர்பாராமையே நம் சிரிப்பின் ஊற்று என்பதை இப்படம் மெல்ல மெல்ல நமக்கு உணர்த்திவிடுகிறது. கல்வியைப் பரிகாசம் செய்த இந்தியப் படங்களுள் இதை முதன்மையானதாக நான் கருதுவது இக்காரணத்தால்தான்.

பதினாறு மில்லிமீட்டர் பிலிமில், பாட்டும் பகட்டும் இல்லாமல், மிகச் சிறிய செலவில் தூர்தர்ஷனுக்காக எடுக்கப்பட்ட படம் இது. பிற்காலத்தில் இந்தித் திரையுலகையே ஆளப்போகிற ஷாருக் கானும் மனோஜ் பாஜ்பாயியும் இதில் சிறு வேடங்களில் வந்து போகிறார்கள் என்பதனால் இன்று சிலர் இதைத் தேடிப் பார்க்கிறார்கள். அது படத்தின் பெருமையில் சேர்ந்த விஷயமன்று. 36ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த ஆங்கிலப் படத்துக்கான விருதும், சிறந்த திரைக்கதைக்கான விருதும் இதற்குக் கிடைத்தன. ஆயினும் தூர்தர்ஷனில் இரவு வெகு நேரம் கழித்து ஒளிபரப்பானதோடு இது பொதுஜனங்களின் பார்வையிலிருந்து ஏறத்தாழ மறைந்தே போய்விட்டது. நாடாவில் பதிந்த மங்கலான பிரதிகள் கல்லூரி விடுதிகளில் கைமாறிக் கைமாறிச் சென்றமையால்தான் படம் உயிர் பிழைத்தது. அரசாங்கத்தின் பணத்தில் எடுக்கப்பட்டு, அரசாங்கத்தின் கையாலேயே விருது பெற்ற ஒரு சிருஷ்டியை, அதன் இலக்காகிய மாணவர்களே பாதுகாக்க நேர்ந்தது. திரைக்கதை 2003இல் நூலாக வெளிவந்தது. அந்தத் திரைக்கதைக்குத் தாம் பெற்ற விருதை அருந்ததி ராய் 2015 நவம்பரில், நாட்டில் பெருகிவந்த வன்முறைக்கும் சகிப்பின்மைக்கும் எதிர்ப்புத் தெரிவித்துத் திருப்பிக் கொடுத்தார்.

கதை நிகழும் ஆண்டு 1974. இடம், தில்லியிலுள்ள தேசியக் கட்டடக்கலை நிறுவனம் என்னும் கற்பனைக் கல்லூரி. அருந்ததி ராய் தாம் படித்த தில்லித் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளியின் சாயலிலேயே அதைப் படைத்திருக்கிறார் என்பது வெளிப்படை. நீலகிரியின் லவ்டேல் பள்ளியில் பயின்று, பதின்ம வயது கடவாமலே தில்லி சென்றவர் அவர்; அவருடைய அன்னை மேரி ராய் கோட்டயத்தில் நடத்திய பள்ளிக்குக் கட்டடம் வகுத்துக் கொடுத்தவர், ஏழைக்கும் எட்டுகிற செங்கல் வீடுகளால் புகழ்பெற்ற லாரி பேக்கர். கட்டடம் என்பது கிடைக்கும் மண்ணையும் வாழும் மனிதனையும் பார்த்து எழுப்புவது என்பதைக் கண்ணெதிரே கண்டு வளர்ந்த ஒரு பெண், கண்ணாடியும் கான்கிரீட்டுமே கலை என்று போதித்த வகுப்பறையில் ஐந்து வருஷம் உட்கார்ந்திருந்தால் அவளுடைய மனம் எப்படிக் கொதித்திருக்கும் என்பதை இந்தப் படத்தின் ஒவ்வொரு காட்சியிலும் உணரலாம்.

கல்லூரித் தலைவர் ஒய்.டி. பில்லிமோரியாவை மாணவர்கள் எமதூதன் என்று அழைக்கிறார்கள். என்றோ ஒரு நாள் அவரை ஆனி கேலி செய்துவிட்டான்; அதற்காகவே வருஷத்துக்கு வருஷம் அவனைத் தோற்கடித்துக்கொண்டிருக்கிறார். இவ்வளவோடு நின்றிருந்தால், கொடுங்கோல் ஆசிரியரும் குறும்புக்கார மாணவனும் மோதும் பழைய கதைகளுள் மற்றொன்றாகவே இது முடிந்திருக்கும். எமதூதனாக நடித்தவர் ரோஷன் சேத். 1982இல் வெளிவந்த அட்டன்பரோவின் 'காந்தி' படத்திலும், 1988இல் தூர்தர்ஷனில் தொடங்கிய சியாம் பெனகலின் 'பாரத் ஏக் கோஜ்' தொடரிலும் ஜவாஹர்லால் நேருவாகத் தோன்றியவர் இவரே. ஐந்தாண்டுத் திட்டங்களையும், சண்டிகரை வகுக்க லெ கார்புசியேவை அழைத்துவந்த நவீன இந்தியாவின் கனவையும் அந்த ஒரு முகத்தோடு சேர்த்தே நினைக்கப் பழகியிருந்த தொலைக்காட்சி ரசிகர்களின் முன்னால், அதே முகம், சுயசிந்தனை எதுவும் இல்லாமல் அதிகாரத்தை மட்டும் சுமந்துகொண்டிருக்கும் ஒரு கல்லூரித் தலைவனின் முகமாக வந்து நிற்கிறது. இயக்குநர் இதை உத்தேசித்துத்தான் செய்தாரா, தற்செயலாக அமைந்ததா என்னும் ஆராய்ச்சி அவசியமில்லை. திட்டமிடுதல் என்னும் மாபெரும் லட்சியம் கால் நூற்றாண்டில் என்னவாகத் தேய்ந்துபோயிற்று என்பதை எந்த வசனமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

படத்தின் இதயம் ராதாவின் இறுதியாண்டு ஆய்வில் இருக்கிறது. அருந்ததி ராயே நடித்த இந்தப் பாத்திரம், தேர்வாளர் குழுவின் முன் நின்று, மற்றவர்களைப் போல ஓர் ஓட்டலுக்கோ விமான நிலையத்துக்கோ வரைபடம் காட்டாமல், நகரம் என்பது யாருக்கு என்று விளக்கத் தொடங்குகிறாள். இந்தியாவின் ஒவ்வொரு நகரத்துக்குள்ளும் இரண்டு நகரங்கள் இருக்கின்றன. ஒன்று சட்டத்தாலும் வரைபடத்தாலும் அங்கீகரிக்கப்பட்ட பிரஜைகளின் நகரம், மற்றொன்று அந்தப் பிரஜைகளுக்கு வீடு கட்டியும் குப்பை வாரியும் வாழ்ந்துகொண்டு எந்த வரைபடத்திலும் இடம் பெறாத பிரஜையல்லாதவர்களின் நகரம். இரண்டும் ஒன்றோடொன்று போரிட்டுக்கொண்டிருக்கின்றன என்பதே அவளுடைய வாதத்தின் சாரம். சரித்திரம் அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி நெஞ்சை உலுக்கக்கூடியது. தில்லி வளர்ச்சி ஆணையம் 1957இல் அமைந்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் வல்லுநர்களது துணையோடு அது தயாரித்த நகரப் பெருந்திட்டம் 1962இல் அமலுக்கு வந்தது. நிலத்தை இன்ன காரியத்துக்கு இன்ன பகுதி என்று நிறம் தீட்டிப் பிரித்த அத்திட்டத்தில், அந்த நகரத்தைத் தம் தோளில் சுமந்தவர்களுக்கு எந்த நிறமும் ஒதுக்கப்படவில்லை. ராதா பேசுவதாகக் கதை அமைந்த 1974க்கு இரண்டே வருஷம் கழித்து, நெருக்கடி நிலையின் நடுவில், 1976 ஏப்ரலில் துர்க்மான் கேட் பகுதியில் அதே ஆணையத்தின் இயந்திரங்கள் வீடுகளை இடித்தன. எதிர்த்து நின்ற ஜனங்களின் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. நெருக்கடி நிலை நீடித்த ஏறத்தாழ இரண்டு வருஷங்களில் தில்லியின் குடிசைப் பகுதிகளிலிருந்து நகரத்தின் ஓரங்களுக்கு அப்புறப்படுத்தப்பட்டவர்கள் ஏறத்தாழ 7 லட்சம் பேர் எனக் கணக்கிடப்பட்டிருக்கிறது. நடந்து முடிந்ததை அறிந்த ஓர் எழுத்தாளர், நடப்பதற்கு முந்தைய ஆண்டுக்குத் திரும்பிச் சென்று, அன்று எந்த மாணவியாவது இதைச் சொல்லியிருந்தால் அந்தக் குழுவில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எப்படி நெளிந்திருப்பார்கள் என்பதைக் காட்டுகிறார். இடித்த இயந்திரங்களுக்கு வரைபடம் கொடுத்தவர்கள் இப்படிப்பட்ட கல்லூரிகளில் முதல் வகுப்பில் தேறியவர்களே என்னும் உண்மை அந்தக் காட்சியில் சொல்லாமல் சொல்லப்படுகிறது.

ஆனியின் ரயில் திட்டமும் அதே ஆண்டின் பின்னணியில் வேறு பொருள் கொள்கிறது. 1974 மே மாதத்தில்தான் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் ஏறத்தாழ 17 லட்சம் ரயில்வே தொழிலாளர்கள் இருபது நாட்கள் வேலைநிறுத்தம் செய்து, சிறையிலும் பட்டினியிலும் தோற்கடிக்கப்பட்டார்கள். தேசத்தின் தண்டவாளங்கள் யாருக்குச் சொந்தம் என்னும் கேள்வி வீதியில் எழுந்த அந்த ஆண்டில், விடுதி அறையில் ஒரு மாணவன் அதே தண்டவாளங்களின் ஓரத்தில் மரம் நடுவதைப் பற்றிக் கனவு காண்கிறான். பிரதீப் கிருஷனின் பிற்கால வாழ்க்கையை அறிந்தால் இந்தக் கனவை வெறும் ஹாஸ்யம் என்று தள்ள மனம் வராது. தில்லி ராம்ஜாஸ் கல்லூரியில் சரித்திரம் கற்பித்தவர் அவர். 'மாஸி சாஹிப்', இந்தப் படம், 'எலெக்ட்ரிக் மூன்' ஆகிய மூன்றோடு சினிமாவைத் துறந்துவிட்டு மரங்களைப் படிக்கத் தொடங்கினார். தில்லியின் மரங்களைப் பற்றி அவர் 2006இல் வெளியிட்ட நூல் இன்றும் அத்துறையில் ஆதாரமாக விளங்குகிறது. ஜோத்பூரில் பாறை நிலத்தில் அந்தப் பாலைக்கே உரிய தாவரங்களை மீட்டு வளர்த்து ராவ் ஜோதா பூங்காவை உருவாக்கியவரும் அவரே.

பள்ளியையும் கல்லூரியையும் பரிகசிப்பது சினிமாவுக்குப் புதிதன்று. 1933இல் பிரான்சில் ழான் விகோ எடுத்த 'நன்னடத்தைக்குப் பூஜ்யம்' என்னும் படம் விடுதிச் சிறுவர்களின் கலகத்தைச் சித்திரித்தமைக்காக உலகப் போர் முடியும் வரை தடை செய்யப்பட்டிருந்தது. 1968இல் இங்கிலாந்தில் லிண்ட்சே ஆண்டர்சன் 'இஃப்' என்னும் படத்தில் அதே கலகத்தைத் துப்பாக்கி முனை வரை கொண்டுசென்றார். நம் தேசத்தில் ஜனங்கள் பெரிதும் கொண்டாடிய கல்லூரிப் பரிகாசம் 2009இல் வந்த '3 இடியட்ஸ்'. அதையே 2012இல் ஷங்கர் 'நண்பன்' என்று தமிழில் தந்தார். மனப்பாடக் கல்வியைக் கண்டித்த விதத்தில் அந்தப் படம் மாணவர் பலருக்கு ஆறுதல் அளித்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அங்கே நாயகன் இறுதியில் உலகம் தேடி வரும் விஞ்ஞானியாக வெளிப்படுகிறான். கல்லூரியின் அளவுகோல் தவறு என்று சொன்ன கதை, அதே அளவுகோலின் உச்சியில் அவனை ஏற்றி வைத்துத்தான் திருப்தி அடைகிறது. ஆனிக்கு அத்தகைய பரிசு எதையும் அருந்ததி ராய் கொடுக்கவில்லை. அவனுடைய திட்டம் சரியென்று எவரும் நிரூபிப்பதில்லை. அவன் மேதை என்றும் எவரும் கண்டுபிடிப்பதில்லை. தோற்றவனாகவே இருந்துகொண்டு ஒருவன் சரியான கேள்வியைக் கேட்கலாம் என்னும் துணிவு வணிக சினிமாவுக்கு எளிதில் வருவதில்லை.

எங்கள் பொதட்டூர்பேட்டையிலிருந்து இந்தப் படத்தைப் பார்க்கிறவனுக்கு ராதாவின் ஆய்வு தூரத்துச் செய்தியாகப் படாது. ஆந்திர எல்லையை ஒட்டி, பள்ளிப்பட்டு வட்டத்தில், தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டுக்குள் புழங்கும் நெசவாளர் ஊர் இது; 1960இல் எல்லை திருத்தப்பட்டபோது சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணியோடு சேர்ந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்த பகுதி. இங்கே வீடு என்றால் முன்கட்டில் தறி, பின்கட்டில் குடித்தனம். கைத்தறிக் காலத்தில் தறிக்குழியில் காலை இறக்கி மிதியை மிதித்த நெசவாளிக்கு, மண்தரையின் குளிர்ச்சியும் சுவரின் ஈரமும் வாழ்வின் ஆதாரமாக இருந்தன. காற்றில் ஈரம் வற்றினால் பாவு இழை அறும், அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தால் அன்றைய கூலி குறையும். விசைத்தறி வந்தபோது குழி தூர்ந்து தரை சிமென்ட் ஆயிற்று. ஓட்டுக் கூரை தகரமாகவும் சிமென்ட் அட்டையாகவும் மாறிற்று. வெயிலில் கொதிக்கும் அந்தக் கூரையின் கீழ் பஞ்சுத் தூசியிலும் தறிச் சத்தத்திலும் குழந்தைகள் பாடம் படித்தார்கள். இந்த மாற்றத்தைச் செய்தவர்கள் கொத்தனாரும் வீட்டுக்காரரும்தாம். தறிக்கு வேண்டிய ஈரத்தையும் மனிதனுக்கு வேண்டிய காற்றையும் ஒரே கூரையின் கீழ் எப்படித் தருவது என்னும் கேள்வியை, அடுக்குமாடிக்கும் வணிக வளாகத்துக்கும் வரைபடம் போடக் கற்ற எவரும் இந்தத் தெருவுக்கு வந்து கேட்கவில்லை. ஆனியின் திட்டத்தில் எவ்வளவு அபத்தம் இருந்தாலும், அவன் பார்த்த திசை இந்தத் தெருவின் திசை.

இதே திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் கும்மிடிப்பூண்டி இருக்கிறது. சிப்காட் வளாகத்தின் இரும்பு ஆலைகளிலும் ரசாயனத் தொழிற்சாலைகளிலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் தகரக் கொட்டகைகளில் தங்கி உழைக்கிறார்கள். அவர்களுக்கு அருகிலேயே, 1983க்குப் பின் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழ் அகதிகளின் பெரிய முகாம்களுள் ஒன்று இருக்கிறது. பிரஜையல்லாதவர் என்னும் சொல்லை ராதா உருவகமாகவே பயன்படுத்தினாள். இந்த முகாமில் அது சட்டத்தின் சொல். 1987 ஜூலைக்குப் பின் இந்திய மண்ணில் பிறந்தாலும் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை என்று சட்டம் திருத்தப்பட்டதனால், முகாமில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பட்டம் பெற்றவரும் அந்நியராகவே எண்ணப்படுகிறார். 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தமும் இலங்கையை விட்டுவிட்டது. 2021இல் தமிழ்நாடு அரசு இத்தகைய அகதி முகாம்களை மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றிப் புதிய வீடுகள் கட்டித் தரத் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் பொறியியல் பட்டம் பெற்ற ஓர் இளைஞர் சாயம் பூசும் கூலி வேலைக்குப் போக நேர்கிற இடத்தில், கல்வி என்ன செய்ய வேண்டும் என்னும் கேள்வி முழு நிர்வாணமாக நிற்கிறது.

தமிழ்நாட்டில் ஆனியின் கதையைப் போன்ற படத்துக்கு மண் இல்லாமல் இல்லை. 1984இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி பிறந்து, 1997இல் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வந்து, பிறகு 500க்கும் மேற்பட்ட கல்லூரிகள் எழுந்து, தறிக்காரர் வீட்டிலும் கூலிக்காரர் வீட்டிலும் முதல் பட்டதாரிகள் தோன்றினார்கள். இதைப் போன்ற ஒரு சமூக மாற்றம் எந்த நாட்டிலும் எளிதில் நிகழ்வதன்று. அதைப் பழிக்கிறவர்களோடு எனக்குச் சம்மதம் இல்லை. அந்த மாற்றத்தின் உள்ளே நடந்தவற்றைத் துணிந்து சொன்னவை சொற்பமே. 2016இல் விஜய் குமார் எழுதி, இயக்கி, தயாரித்து, நடித்த 'உறியடி', தொண்ணூறுகளின் இறுதியில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி மாணவர்களைச் சாதிச் சங்க அரசியல் எப்படி விழுங்க முயல்கிறது என்பதைக் காட்டிற்று. 2019இல் அவர் எடுத்த 'உறியடி 2'இல், ரசாயனப் பொறியியல் படித்த நண்பர்கள் தங்கள் ஊரையே கொல்லப்போகிற பூச்சிமருந்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்கிறார்கள். கும்மிடிப்பூண்டியை அறிந்தவனுக்கு அந்தக் கதையின் ஒவ்வொரு திருப்பமும் பரிச்சயமானது. 2018இல் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்', திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் ஆங்கிலம் புரியாத மாணவனின் அவமானத்தை, சாதியின் அவமானத்தோடு சேர்த்துக் காட்டி நம் மனசாட்சியைத் தொட்டது. மூன்றும் கோபத்தில் பிறந்த படங்கள், கோபம் நியாயமானதுதான். பரிகாசம் வேறு வகை ஆயுதம். கோபப்படுகிறவனை அதிகாரம் அடக்கிவிட முடியும். தன்னைப் பார்த்துச் சிரிக்கிறவனை என்ன செய்வது என்று எமதூதனுக்குத் தெரியவில்லை, ஆகையால்தான் அவர் ஆனியைத் திரும்பத் திரும்பத் தோற்கடிக்கிறார். 'முகமது பின் துக்ளக்' போன்ற அரசியல் பரிகாசத்தை மேடையிலும் திரையிலும் தாராளமாக ரசித்த தமிழர்கள், அந்தப் பார்வையைக் கல்லூரி வாசலுக்குள் கொண்டுசெல்ல ஏன் தயங்கினார்கள் என்றால், வீட்டின் முதல் பட்டதாரி பெற்ற பட்டத்தைப் பார்த்துச் சிரிப்பது பெற்றோரின் வியர்வையைப் பார்த்துச் சிரிப்பதாகிவிடுமோ என்னும் அச்சமே காரணம் என்று நினைக்கிறேன். அந்த அச்சம் மதிக்கத்தக்கது. அதனாலேயே இங்கே பிறக்க வேண்டிய பரிகாசம், மாணவனையும் அவன் வீட்டையும் தொடாமல், அவனுக்குப் பாடம் வகுத்தவர்களின் மேல் மட்டும் விழக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனியின் படம் அதைத்தான் செய்தது.

பணம் அடுத்த கேள்வி. அரசாங்கத் தொலைக்காட்சி, தன் அரசாங்கத்தின் திட்டமிடலைக் கேலி செய்த ஒரு படத்துக்குப் பணம் கொடுத்த காலம் போய்விட்டது. இன்று இதற்குத் துணிகிறவர் சொந்தச் சேமிப்பைத்தான் நம்ப வேண்டும். படமெடுக்கும் கருவி மட்டும் மலிந்திருக்கிறது. கதைப்பொருளுக்கும் பஞ்சம் இல்லை: அரியர் பட்டியல், இன்டர்னல் மார்க்குக்காகத் துறைத் தலைவரின் அறை வாசலில் நிற்பது, தமிழ்வழியில் படித்துவிட்டு முதல் செமஸ்டரில் வாய் திறக்காமல் இருப்பது, கேம்பஸ் இன்டர்வியூவுக்காக டை கட்டிக்கொண்டு தறிச் சந்தில் நடப்பது, மெக்கானிக்கல் பட்டத்தோடு சிப்காட் வாசலில் ஒப்பந்தக்காரரின் வேனுக்குக் காத்திருப்பது. இப்படி ஒரு படத்தை எடுக்கப்போகிறவர், இரவு ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும் அந்தப் பட்டதாரிகளிடம், நான்கு வருஷத்துப் படிப்பில் அவர்களுடைய ஊர் எந்தப் பாடத்திலாவது ஒரு முறையேனும் வந்ததா என்று கேட்டு எழுதத் தொடங்கலாம்.